அவளை நாற்காலியில் வைத்த கை

1

இந்தக் கதை ஒரு பிழையில் பிறந்தது. பிழை என்னுடையது, அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

கதையில் வருபவர் கிடங்குத் தொழிலாளி. சலவை இயந்திரம் ஒன்றை வண்டியிலிருந்து இறக்கும்போது வலது மேற்கையில் பட்டென்று ஏதோ விட்டது.

"ஏத்தும்போது தாங்கிச்சே, இறக்கும்போது எப்படிங்க?" என்று பிசியோதெரபிஸ்டிடம் கேட்டார்.

"பெரும்பாலும் இறக்கும்போதுதான். கை நீள நீள, தசை பாரத்தைப் பிடிச்சு நிறுத்தப் பார்க்கும். கொஞ்சம் நார் அறுந்திருக்கு. ஆறு வாரம் எதையும் தூக்காதீங்க. மீறினா மொத்தமா அறுந்துடும், அப்புறம் ஆபரேஷன்தான்."

"எதையுமா?"

"தண்ணி பாட்டில்கூட இடது கையில."

அவர் கேட்டது பாட்டிலைப் பற்றியல்ல. மனைவிக்கு இரண்டு வருடமாகக் கால் விளங்கவில்லை. தினமும் காலையில் அவளைக் கட்டிலிலிருந்து தூக்கி ஜன்னலோர நாற்காலியில் உட்காரவைப்பது அவர்தான். வேறு யார் கையும் மேலே படக்கூடாது அவளுக்கு.

[அவளை இன்னும் கொஞ்சம் இளகியவளாக எழுதியிருக்கலாமோ]

2

மறுநாளுக்கு நான் எழுதிய வாக்கியம்: 'காலையில் அவள் நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.'

எழுதிவிட்டுத் தேநீர் போடப் போனேன். அடுப்படியில்தான் உறைத்தது. அவர் கை கழுத்தில் மாட்டிய துணித்தூக்கில் தொங்குகிறதே, யார் தூக்கினார்கள்?

அழித்துவிடலாம் என்று ஓடிவந்தேன். அதற்குள் அவர் விழித்துவிட்டார்.

"உன்னை யாரு தூக்கி வச்சது?"

"விளையாடாதீங்க. நீங்கதான்."

"என் கையைப் பாரு."

பார்த்தாள். சிரிப்பு மெல்ல நின்றது.

"தூக்கக் கலக்கத்துல கண்ணைத் திறக்கலை. கை ரெண்டும் சில்லுன்னு இருந்துச்சு. ஐஸ் வச்ச கைன்னு நினைச்சேன்."

(குறிப்பு: முதல் சில நாள் ஐஸ் ஒத்தடம், மூன்றாம் வாரம் கையை மெல்ல மடக்கி நீட்டுவது, ஐந்தாம் வாரம் சின்ன எடை. எல்லாம் விசாரித்துத்தான் எழுதினேன். அந்தச் சில்லிட்ட கைகளை மட்டும் நான் எழுதவில்லை.)

3

அவரே தூக்கத்தில் எழுந்து தூக்கியதாக ஒரு வடிவம் எழுதிப் பார்த்தேன். பிசியோதெரபிஸ்ட் அதைக் கெடுத்தார்: "நல்லா ஆறிட்டு வருதே. நிஜமாவே எதையும் தொடலை போல."

அவளுடைய அக்கா ரகசியமாக வந்து, தன்னிடமிருந்த சாவியால்—

(விட்டுவிட்டேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது.)

அந்த வாக்கியத்தை அழிக்கவும் மனம் வரவில்லை. அழித்தால் ஆறு வாரமும் சுவரைப் பார்த்தபடி கிடப்பாள். அதனால் ஒவ்வொரு நாளும் அதையே எழுதினேன், நாற்பத்திரண்டு முறை. அவர் தினமும் விழித்து, அவளைப் பார்த்து, தன் கை வைத்தியத்தைக் கவனிக்கப் போனார். மறுபடி கேட்கப் பயம்.

4

"இனிமே தூக்கலாம்" என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லிவிட்டார். மறுநாள் நான் எதுவும் எழுதவில்லை. அவள் கட்டிலில் இருந்தாள். அவர் குனிந்து கைகளை நீட்டினார். அவள் உடம்பு விறைத்தது.

"வேணாங்க."

"ஏன்? கை சரியாயிடுச்சும்மா."

"உங்க கை சுடுது."

ஆறு வாரம் அந்தக் கையைப் பொத்திப் பொத்திக் காத்தது இவளுக்காகத்தான். அப்படியே நின்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. உதவுகிறேன் பேர்வழி என்று நடுவில் புகுந்தவன் நான்.

5

இன்று காலை என் வலது மேற்கையில் நீலம் பாய்ந்திருக்கிறது. முழங்கை மடிப்புவரை இறங்கியிருக்கிறது. விரல்கள் சில்லிட்டுப் போயிருக்கின்றன. இதை இடது கையால் தட்டுகிறேன்.

இனி என்னால் அவளைத் தூக்க முடியாது. அவர் இன்னும் கைகளை நீட்டியபடி நிற்கிறார். அவள் அவருடைய தோளுக்கு மேலாக, வேறு யாரையோ எதிர்பார்ப்பதுபோல் பார்க்கிறாள். அவள் பார்க்கும் திசையில் இருப்பது, இதைப் படித்துக்கொண்டிருக்கும் நீங்கள்தான்.

'காலையில் அவள்—'

இந்த வாக்கியத்தை மனதுக்குள் முடிக்காமல் விட்டுவிடுங்கள். நாலு நாள் சுவரைப் பார்த்துக் கிடந்தால், சுடும் கைக்கு அவள் மறுபடி பழகக்கூடும். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஆனால் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்திருப்பது உங்களுக்கு இப்போதே தெரிகிறது, இல்லையா?

அப்படியானால் மெதுவாக இறக்குங்கள். முழங்கையை மடித்தே வைத்திருங்கள். கை நீளும்போதுதான் அறும்.