கோபுரம் விழ வேண்டிய திசை

அடுக்குமாடிக் குடியிருப்பின் விளம்பரத் தாளில் ஒலிபரப்புக் கோபுரம் இல்லை. அது நின்ற இடத்தில் மிகுந்த அக்கறையுடன் நீல வானம் பூசப்பட்டிருந்தது. பூசிய இடம் சற்று வெறுமையாகத் தெரிந்ததாலோ என்னவோ, இரண்டு வெண்பறவைகளும் அங்கே பறக்கவிடப்பட்டிருந்தன. ஆகவே வீடு வாங்கிக் குடிவந்த அன்பர்கள், பால்கனிக் கதவைத் திறந்ததும் எதிரே சிவப்பும் வெள்ளையுமாக வானத்தைத் தொட்டுக்கொண்டு நின்ற இரும்பைக் கண்டு, பறவைகளைத் தரவேண்டிய கட்டுமான நிறுவனத்தார் ஏதோ தவறுதலாக இதைத் தந்துவிட்டார்கள் என்று மனம் வருந்தியதில் வியப்பில்லை.

கோபுரத்தின் தரப்பிலும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அது யாருடைய பார்வையையும் மறைப்பதற்காக வந்ததன்று. அதை நட்ட காலத்தில் சுற்றிலும் பொட்டல்வெளிதான். நகரம்தான் மெல்ல மெல்ல நடந்து வந்து, களைத்துப்போய், அதன் அருகே ஐந்து பிளாக்குகளாக உட்கார்ந்துகொண்டது.

அருகில் உட்கார்ந்ததில் சில சங்கடங்கள் இருக்கவே செய்தன. துருப்பிடித்த குழாய் இணைப்புகளும் கம்பி இணைப்புகளும், யாரும் கேட்டுக்கொள்ளாமலேயே வானொலிப் பெட்டியின் வேலையைச் செய்யத் தொடங்கின. இரண்டாம் பிளாக்கில் பால்கனிக் கம்பி மெல்லிசை பாடியது. நான்காம் பிளாக்கின் வாயிற்கதவு காலைச் செய்தி வாசித்தது. அந்தப் பிளாக்கில் வசித்தவரும் குடியிருப்போர் சங்கத் தலைவருமான ஓய்வுபெற்ற பல் மருத்துவர், தொடக்கத்தில் கோபுரத்தை அகற்றும்படி கேட்கவில்லை என்பதை நியாயமாகக் குறிப்பிட வேண்டும். தாம் உடற்பயிற்சி செய்யும் வேளையில் கதவு வெங்காய விலை அறிவிப்பது மன அமைதியைக் குலைக்கிறது என்றும், அந்நேரம் புல்லாங்குழல் ஒலிபரப்பினால் நலமாயிருக்கும் என்றும்தான் வானொலி நிலையத்தாரைக் கேட்டுக்கொண்டார். நிலையத்தார் இணங்கவில்லை. அதன் பிறகே கோபுரம் உடல்நலத்துக்குக் கேடு என்பது அவருக்குப் புலப்பட்டது.

கோபுரத்துக்குப் பொறுப்பாயிருந்த பொறியாளரும் அதே குடியிருப்பில், மூன்றாம் பிளாக்கின் நான்காவது மாடியில் வசித்தார். வேலைக்கு நடந்தே போகலாம் என்பதற்காக வாங்கிய வீடு அது. தாம் வாங்கியதோடு நில்லாமல், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்திவந்த தம் மைத்துனரையும் முதல் பிளாக்கில் வாங்கச் செய்திருந்தார். இவற்றையெல்லாம்விடச் சிக்கலான செய்தி ஒன்று உண்டு. அவருடைய துணைவியார்தான் சங்கத்தின் செயலாளர். பிழையில்லாமல் மனு எழுதத் தெரிந்தவர் ஐந்து பிளாக்குகளிலும் அவர் ஒருவரே என்பதால், அந்தப் பதவி அவரைத் தேடி வந்தது.

"இந்த வரி சரியா இருக்கா, கேளுங்க," என்றார் செயலாளர், இரவு உணவுத் தட்டை நகர்த்திவிட்டு. "மேற்படி கோபுரம் குடியிருப்போரின் உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் ஊறு விளைவிப்பதால்…"

"மனநலத்துக்கு எப்படிம்மா?"

"நேத்து நம்ம சமையலறைக் குழாய் ஒரு மணி நேரம் நாடகம் போட்டுதே, மறந்துட்டீங்களா? அதுல அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டே இருந்தா. நான் பாத்திரம் கழுவிக்கிட்டே அழுதேன்."

பொறியாளர் குவளையில் தண்ணீர் ஊற்றிக் குடித்தார். பிறகு, அன்று தலைமை அலுவலகத்தில் தமக்குச் சொல்லப்பட்டதைச் சொன்னார். அகற்றும்படி உத்தரவு வந்தால், கோபுரத்தை ஓர் இரவு ரயில் பயணத் தொலைவில் வேறோர் ஊரில் நடப்போகிறார்களாம்.

"நல்லதுதானே, நடட்டும்."

"நானும் கூடவே போகணும்."

"கம்பிதானே போகுது, நீங்க ஏன் போகணும்?"

"நான் அதுக்குப் பொறுப்பும்மா."

"எனக்கு யாரு பொறுப்பு?"

திருமணமான நாள் முதல் கணவரின் ஒவ்வொரு மாற்றலுக்கும் பாத்திரங்களைப் பழைய துணியில் சுற்றிப் பெட்டிகளில் அடுக்கியவர் அந்த அம்மையார். இனி ஒரு பெட்டிகூடக் கட்டமாட்டேன் என்று சொல்லித்தான் இவ்வீட்டில் பால் காய்ச்சினார். கோபுரம் போனால், ஒன்று கணவர் தனியே போகவேண்டும். இல்லையேல் இவர் மீண்டும் பெட்டி கட்டவேண்டும்.

"மனுவை நிறுத்தி வைக்க முடியாதா?" என்று மிகத் தயங்கிக் கேட்டார் பொறியாளர்.

"எப்படிங்க முடியும்? புருஷனுக்காகச் செயலாளர் மனுவை அமுக்கிட்டாங்கன்னு அஞ்சு பிளாக்கும் சிரிக்கும். நீங்களே பொதுக்குழுவுக்கு வந்து பேசுங்க. பயப்பட ஒண்ணுமில்லைன்னு புரிஞ்சா அவங்களே வாபஸ் வாங்குவாங்க."

பொதுக்குழு, கார் நிறுத்துமிடத்தில், பிளாஸ்டிக் நாற்காலிகளில் கூடியது. பொறியாளர் வெள்ளைப் பலகையில் ஐந்து பிளாக்குகளையும் வரைந்து, அருகே ஒரு புள்ளி வைத்து, இதுதான் கோபுரம் என்றார். சுற்றிலும் கம்பிகளால் இழுத்துக் கட்டப்பட்ட கோபுரம் மரம் போல் நெடுக விழாது என்றும், பெரும்பாலும் தன் காலடியிலேயே மடிந்து சரியும் என்றும் பொறுமையாக விளக்கினார். எல்லாரும் தலையசைத்தார்கள். அத்துடன் அவர் அமர்ந்திருக்கலாம். ஆனால் அளந்து பாராத எதையும் சொல்லிப் பழகாதவராகையால், "ஒருவேளை நெடுக விழுந்தால்கூட" என்று தொடங்கி, கோபுரத்தின் உயரத்தையே ஆரமாகக் கொண்டு ஒரு வட்டமும் வரைந்துவிட்டார். அவ்வட்டம் மற்ற நான்கு பிளாக்குகளைத் தொடாமல், முதல் பிளாக்கின் சமையலறைகளை மட்டும் மென்மையாக வெட்டிக்கொண்டு சென்றது.

அதுவரை குடியிருப்பின் அச்சத்துக்கு முகவரி இல்லாதிருந்தது. இப்போது கிடைத்துவிட்டது.

"அப்போ நாலாவது பிளாக்குக்கு ஒண்ணும் ஆகாது?" என்று கேட்டார் தலைவர்.

"ஆகாது டாக்டர்."

"நான் ஆரம்பத்திலேருந்தே சொல்றேன், அது இருக்கறது நமக்கு ஒரு கம்பீரம்னு. யாரு கேட்டாங்க?"

மைத்துனர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "அத்தான்! நீங்க சொல்லித்தானே நான் முதல் பிளாக்குல வாங்கினேன்? காத்து நல்லா வரும் மச்சான்னு சொன்னீங்க. காத்து வருது. பின்னாலேயே கோபுரமும் வரும்னு சொல்லலையே!"

"வராது மச்சான். அது சும்மா ஒரு கணக்குக்காக வரைஞ்ச வட்டம்."

"சும்மா வரையறவரு ஏன் என் அடுப்பு மேலே வரையறீங்க? கொஞ்சம் தள்ளி ரெண்டாவது பிளாக்கு மேலே வரைஞ்சா ஆகாதா?"

"எங்க மேலே எதுக்குய்யா?" என்று இரண்டாம் பிளாக் முழுவதும் ஒரே குரலில் எழுந்தது.

இந்தக் கூச்சலுக்கிடையே ஐந்தாம் பிளாக்கிலிருந்து ஓர் அம்மையார், கோபுரம் போய்விட்டால் அந்தத் திடலில் இருபது மாடி எழும்பித் தம் வீட்டுக்கு வரும் வெயிலை மறைத்துவிடும் என்று நினைவூட்டினார். அக்கணமே நான்கு பிளாக்குகள் கோபுரத்தின்மேல் ஆறாத அன்பு கொண்டன. முதல் பிளாக் மட்டும், மனுவை வாபஸ் பெற்றால் சங்கத்தையே நீதிமன்றத்துக்கு இழுப்போம் என்றது.

சமரசத்தைக் கண்டுபிடித்தவர் தலைவர். "எதுக்குச் சண்டை? கோபுரத்துக்கு அந்தண்டைப் பக்கம் முழுக்கப் பொட்டல்தானே. விழுந்தா அந்தப் பக்கமா விழற மாதிரி ஏற்பாடு பண்ணிட்டா எல்லாருக்கும் நிம்மதி. நானெல்லாம் பல்லு பிடுங்கறப்போ, எந்தப் பக்கம் சாய்க்கணும்னு முடிவு பண்ணிக்கிட்டுத்தான் இடுக்கியையே வாயில விடுவேன்."

"எங்க பள்ளியில முதல் பாடமே அதுதான்," என்றார் மைத்துனர். "திரும்பறதுக்கு முன்னாடி இண்டிகேட்டர் போடணும். இத்துனூண்டு ஸ்கூட்டருக்கே அந்த ஒழுக்கம் இருக்கு. இவ்வளவு பெரிசா நிக்குதே, எந்தப் பக்கம்னு ஒரு அறிகுறி காட்ட வேண்டாமா?"

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கோபுரம் விழ நேர்ந்தால் எதிர்த்திசையில்தான் விழும் என நிலையம் எழுத்துமூலம் உறுதியளிக்கவேண்டும். தவறினால் கோபுரத்தை அகற்றவேண்டும். அதை மனுவில் அழகான நடையில் சேர்த்தவர் செயலாளர்.

"இதை எழுத உனக்கு எப்படிம்மா மனசு வந்தது?" என்றார் பொறியாளர், படியேறும்போது.

"சங்கம் சொல்றதை எழுதறதுதான் செயலாளர் வேலை. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. நீங்களும் இங்கேயே இருக்கலாம், அதுவும் அங்கேயே இருக்கும்."

"விழற திசைக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? அது விழவே கூடாதுன்னுதானே எனக்குச் சம்பளம்?"

"அப்போ பெட்டி கட்டவா?"

யாருடைய பெட்டி என்று அவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

நகரமைப்பு அலுவலகத்தில் விசாரணை நடந்தது. விசாரணை அதிகாரி இரு தரப்பையும் மிகுந்த மரியாதையுடன் கேட்டுக்கொண்டார்; இடையிடையே கடிகாரத்தையும் அதே மரியாதையுடன் பார்த்துக்கொண்டார்.

"சார், சுருக்கமா முடிப்போம். எதிர்ப்பக்கமாத்தான் விழும்னு எழுதித் தர்றீங்களா? தந்தா கோபுரம் இருக்கட்டும். இல்லேன்னா எடுக்கச் சொல்லி இப்பவே உத்தரவு போடறேன். எனக்கு அடுத்து ஒரு சாக்கடை வழக்கு காத்துக்கிட்டிருக்கு."

"ஐயா, எந்தக் கம்பி முதல்ல அறுந்துபோகுது, காத்து எந்தப் பக்கம் அடிக்குது, இதையெல்லாம் பொறுத்தது அது."

"காத்துக்கிட்ட நான் கையெழுத்து வாங்க முடியாதே சார். நீங்கதானே பொறுப்பு?"

பொறியாளர் பேனாவை எடுத்தார். உறுதிமொழித் தாளை ஒருமுறை படித்தார். எதிரே சங்கத்தாரின் வரிசையில் அமர்ந்திருந்த துணைவியாரைப் பார்த்தார். அவர் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, அழக்கூடாது என்று தீர்மானித்தவரைப் போல் சுவரில் மாட்டியிருந்த நகர வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொறியாளருடையதோ, பணிக்காலம் முழுவதும் பார்க்காத அளவொன்றைப் பார்த்ததாக எழுதாத கை. பேனா தாளின்மேல் ஒரு புள்ளி வைத்தது, அதற்குமேல் நகர மறுத்தது. அவர் பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டார்.

"மன்னிக்கணும் ஐயா. என்னால முடியாது."

அதிகாரி உத்தரவுத் தாளை இழுத்தார். அப்போது செயலாளர் எழுந்து நின்றார்.

"ஐயா, சங்கத்துத் தரப்புல ஒரு சின்னத் திருத்தம் சொல்லலாமா? விழறதைப் பத்தி அவரு எழுதவேண்டாம். கோபுரத்து வேலிகிட்ட ஒரு பலகை வைக்கட்டும். பெரிசா ஒரு அம்புக்குறி போட்டு, பொட்டல் பக்கம் காட்டற மாதிரி. மேல ‘விழும் திசை’ன்னு எங்க சங்கத்துப் பேருலேயே எழுதிக்கறோம்."

அறையில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு எழுந்தது.

"இதைத்தானே அக்கா நான் அன்னைக்கே கேட்டேன், இண்டிகேட்டர்னு!" என்றார் மைத்துனர்.

"அம்பு சிவப்புலதான் இருக்கணும்," என்றார் தலைவர். "தூரத்திலேருந்தே பளிச்சுன்னு தெரியணும்."

"யாருக்குத் தெரியணும்?" என்று பொறியாளர் மெதுவாகக் கேட்டார். அது ஒருவர் காதிலும் விழவில்லை. பலகை எத்தனை அடி அகலம் என்ற விவாதத்தில் அதிகாரியும் கலந்துகொண்டிருந்தார். சாக்கடை வழக்குக்காரர்கள்கூட வாசலிலிருந்து எட்டிப்பார்த்து, பத்தடியாவது வேண்டாமா என்றார்கள்.

செயலாளர் திருத்திய தாளைக் கணவரின் முன் வைத்தார். அவர் குனிந்து, "இதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்றார்.

"பலகை வைப்பீங்களா, மாட்டீங்களா?"

"வைப்பேன்."

"வைப்பேன்னு மட்டும்தான் இருக்கு. படிச்சுப் பாருங்க. இதுல பொய் எங்கே இருக்கு?"

பொறியாளர் இரண்டு முறை படித்தார். பொய் எங்கேயோ இருக்கிறது என்று அவருக்கு உறுதியாகத் தெரிந்தது. ஆனால் அது இந்தத் தாளில் இல்லை. கையெழுத்திட்டார். அன்று மாலை அம்மையார், எதற்கும் இருக்கட்டும் என்று பரணிலிருந்து இறக்கி வைத்திருந்த அட்டைப்பெட்டிகளைத் தட்டையாக மடித்து, பழைய பேப்பர்காரரிடம் போட்டார்.

பலகை வந்தது. முதல் பிளாக் அன்றிரவு ஆழ்ந்து உறங்கியது. அம்புக்குறியை விருந்தினர்களுக்குக் காட்டி மகிழும் வழக்கமும் பரவியது. சமையலறைக்கு ஏற்பட்டிருந்த ஆபத்து பலகையால் முற்றிலும் நீங்கிவிட்டதென மைத்துனர் நம்பினார். அடுப்பை வேறிடத்துக்கு மாற்றும் எண்ணத்தையும் கைவிட்டார்.

இதற்கிடையே கட்டுமான நிறுவனத்தார், கோபுரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பொட்டலை வாங்கி, மேலும் இரண்டு பிளாக்குகளைக் கட்டி முடித்தனர். அங்கு குடிவந்தோர், கட்டுப்பாடான ஒரு தூதுக்குழுவாக நிலையத்துக்கு வந்தனர். கோபுரத்தின்மேல் தங்களுக்கு எவ்வித வருத்தமும் இல்லை என்று தொடக்கத்திலேயே தெளிவுபடுத்தினர்.

"கோபுரம் பாட்டுக்கு நிக்கட்டும் சார். அந்தப் பலகைதான் எங்க வீடுங்களையே பார்த்துக்கிட்டு நிக்குது. கொஞ்சம் திருப்பி வெச்சா போதும்."

இரு சங்கங்களும் கூடிப் பேசின. நீண்ட வாக்குவாதத்துக்குப் பின், தண்ணீர்த்தொட்டி கழுவுவதற்கு முறை வைத்திருப்பதைப் போலவே இதற்கும் முறை வைத்துக்கொள்வதுதான் நாகரிகம் என்று முடிவாயிற்று. மாதத்துக்கு ஒரு பிளாக் அம்புக்குறியை ஏற்றுக்கொள்ளும். வட்டத்துக்கு வெளியே இருப்பவர்களும் ஒற்றுமை கருதி முறையில் சேர்ந்துகொண்டனர். பலகையைத் திருப்பும் பொறுப்பு பொறியாளருக்கு. அந்தப் பொறுப்புக்கு வேறு ஆள் பழக்க முடியாதென்று இரு சங்கங்களும் தலைமை அலுவலகத்துக்கு எழுதியதால், அவருடைய மாற்றல் பேச்சும் அடங்கிப்போனது.

மூன்றாம் பிளாக்கின் முறை வந்த காலை, பொறியாளர் வேலியருகே ஸ்பேனருடன் நின்று மரைகளைத் தளர்த்தி, பலகையைத் தம் வீட்டுப் பக்கமாகத் திருப்பினார். சட்டைப்பையில் கைபேசி ஒலித்தது. நிமிர்ந்து பார்த்தால், நான்காவது மாடிப் பால்கனியில் துணைவியார்.

"என்னங்க, கொஞ்சம் இடது பக்கம் தள்ளுங்க."

"ஏம்மா?"

"நேரா நம்ம படுக்கையறையைப் பார்க்குது."

"அது வெறும் பலகைதானேம்மா? நீதானே சொல்லிக் கொடுத்தே?"

துணைவியார் பால்கனிக் கம்பிமேல் சாய்ந்து பலகையை இன்னொரு முறை பார்த்தார்.

"நான்தான் சொன்னேன், இல்லேங்கல. இருந்தாலும் அங்கேதானே நாம படுக்கறோம்? இடது பக்கம் தள்ளுங்க."

பொறியாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் இல்லை. பலகையைச் சிறிது தள்ளினார்.

"இப்போ?"

"இன்னும் கொஞ்சம்… இன்னும்… ஆங், அங்கேயே நிறுத்துங்க. அந்த வீட்டுக்காரங்க ஊருக்குப் போயிருக்காங்க."