திருப்பி வைத்த தட்டு

ஹாரன் மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்து கிடந்த மனுஷன், ஏழே மாதத்தில் கைத்தடியை மூலையில் போட்டுவிட்டு நடக்கிறார் என்றால் சும்மாவா? இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவர். அந்தப் பெயரே பிள்ளைகள் வைத்ததுதான். இன்றைக்குப் பிசியோதெரபி நிலையத்தில் இருபது மீட்டர் நடந்து காட்டினால் வேலைக்குத் திரும்பத் தகுதிச் சான்று கைக்கு வந்துவிடும். திங்கட்கிழமை காலை வண்டி அவருடையது.

"பிள்ளைங்க என்னை மறந்திருக்குமா?" என்றார், காத்திருந்தபோது.

"உங்களை மறந்தாலும் அந்த ஹாரன் சத்தத்தை மறக்குமா?" என்றாள் மனைவி. வாய்தான் கேலி பேசியது. மனசோ காலையில் நடந்ததிலேயே நின்றது.

காலையில் அவர், படுத்த பிறகு முதல்முறையாகத் தானே முகம் மழித்துக்கொண்டு வந்து நின்றார். வலது கன்னம் பளபள. இடது கன்னத்தில் சோப்பு நுரைகூடப் படவில்லை. அவள் சிரித்துவிட்டாள். "ஒரு பக்கத்தை யாருக்கு விட்டு வச்சீங்க?"

"எந்தப் பக்கம்? முழுசாத்தானே மழிச்சேன்" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஏழு மாதமாக அவர் தட்டில் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு 'போதும்' என்று எழுந்துவிடுவார். அவளும் சத்தமில்லாமல் தட்டைத் திருப்பி வைப்பாள். "அட, இன்னும் இருக்கா?" என்று மீதியையும் சாப்பிடுவார். நோயாளியை நோகடிப்பானேன் என்று தண்ணீர், போன், மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் வலது பக்கமே வைத்தாள். தானும் அங்கேயே உட்கார்ந்தாள். பாவி, அன்பு என்று நினைத்துக்கொண்டு எதை மறைத்து வைத்திருக்கிறாள்! பஸ்ஸைச் சுற்றிப் பிள்ளைகள் எல்லாப் பக்கமும்தானே ஓடும்?

அவரிடம் சொல்லிப் பார்த்தாள். "நான் வீட்டிலேயே முடங்கிக் கிடக்கணும், அதானே உனக்கு?" என்று எரிந்து விழுந்தார்.

பயிற்சி கொடுக்கும் பெண்ணைத் தனியே பிடித்துச் சொன்னாள். "எழுத்தெல்லாம் நல்லாப் படிக்கிறாரேம்மா. கண்ணு சரியாத்தான் இருக்கு. நீங்க வீணாப் பயப்படுறீங்க" என்றாள் அந்தப் பெண்.

"சரிம்மா. ஒண்ணே ஒண்ணு. இன்னைக்கு மட்டும் அவர் இடது முழங்கையைப் பிடிக்காம நடக்க விடுங்க."

அந்தப் பெண் யோசித்தாள். பலம் குறைந்த பக்கம் என்று முதல் நாளிலிருந்து அவள் விடாமல் பிடித்து வந்த கை அது. "சரி, பின்னாலேயே வர்றேன்" என்றாள்.

மனைவி முன்னால் போய், நடை முடியும் கோட்டுக்குக் கொஞ்சம் முன்பு இடது சுவரோரம் நின்றுகொண்டாள். பார்த்துவிடு, தயவுசெய்து என்னைப் பார்த்துவிடு என்று மனசுக்குள் மன்றாடினாள்.

ஹாரன் மாமா நடந்தார். கால் தடுமாறவே இல்லை. நேரே வந்தவர் கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் ஒதுங்கினார். அவர் தோள் அவள் தோளில் மோதியது. அவள் சுவரோடு சாய்ந்தாள்.

"இந்தத் தூணை எவன் இங்க வச்சான்?" என்று முனகிக்கொண்டே போய்க் கோட்டைத் தாண்டினார். வாயெல்லாம் பல். "எங்க அவ? பார்த்தாளா?"

அவருக்கு இடது பக்கம், கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்று அவள் சொன்னாள். "இங்கதாங்க இருக்கேன்."

அவர் வலது பக்கம் திரும்பினார். அங்கே வெறும் ஜன்னல். இன்னும் வலது பக்கம் திரும்பினார். "ஏய், கண்ணாமூச்சி ஆடாதே. எங்கடி இருக்கே?"

பின்னால் வந்த பெண், சான்றில் கையெழுத்துப் போட எடுத்த பேனாவை மூடினாள்.

மனைவி நெருங்கிப் போய் அவருடைய இடது முழங்கையைப் பிடித்தாள்.

"விடுங்கம்மா, நான்தான் நல்லா நடக்கிறேனே" என்றார் அவர், ஜன்னலைப் பார்த்தபடி. "முதல்ல என் பொண்டாட்டியைக் கூப்பிடுங்க. அவ பார்க்கவே இல்ல."