இரண்டாம் பாகம் வாங்கலாமா

"மூச்சை அடக்குங்க... விடாதீங்க... ம், இப்ப விடலாம்."

கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து சொல்லிவிட்டு அக்கா பொத்தானிலிருந்து விரலை எடுத்தபோது, மேல்சட்டைப் பையில் போன் மூன்றாவது முறையாக நடுங்கியது. யாரென்று பார்க்க வேண்டியதில்லை. வேலை நேரத்தில் விடாமல் மூன்று முறை கூப்பிடுகிறவன் உலகத்திலேயே ஒருவன்தான். நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வந்த பெரியவரைச் சட்டை போட்டுக்கொள்ளச் சொன்னாள். வெளியே பெஞ்சில் காத்திருந்த ஏழெட்டுப் பேரின் முகத்தைப் பார்க்காமல், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு எடுத்தாள்.

"என்னடா, வீடு பத்திக்கிச்சா?"

"இல்லக்கா. அந்த ரெண்டாம் பாகம் விஷயம்."

"டேய்!"

"ஒரே நிமிஷம். வாங்கலாமா வேணாமா? நீ ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும்."

தம்பிக்கு வீட்டில் வைத்த பெயர் யோசனை. பள்ளிக்கூடத்தில் விடைத்தாளை வாங்கிக்கொண்டு போன பிறகும் பேனாவைக் கடித்தபடி உட்கார்ந்திருப்பான். கல்யாணத்துக்குச் சரி என்று சொல்லப் பதினோரு மாதம் எடுத்துக்கொண்டான். அதற்குள் அந்தப் பெண் கனரக வண்டி லைசென்ஸ் வாங்கி, நகரப் பஸ்ஸில் டிரைவராகவே சேர்ந்துவிட்டாள். வாஷிங் மெஷின், பிரிட்ஜ் சரி செய்கிற வேலை அவனுக்கு. அங்கே மட்டும் இந்தக் குணம் சோறு போட்டது. மற்ற மெக்கானிக்குகள் மூன்று பாகத்தை மாற்றிப் பார்க்கிற இடத்தில், இவன் மெஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்து ஒரே ஒரு திருகைத் திருப்பிவிட்டு எழுந்து வருவான்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அக்கா கணுக்காலை உடைத்துக்கொண்டு மூன்று மாதம் கட்டிலில் கிடந்தபோது, அவளுடைய கணினியில் அந்தப் போர் விளையாட்டை ஏற்றித் தந்தவன் அவன்தான். பனிமலை, ஆறு, இரண்டு ராஜ்ஜியம். அவள் ஒரு முறை படையை நகர்த்த வேண்டும். பிறகு அவன் முறை. அவன் நகர்த்துகிற வரை போர் அப்படியே நிற்கும். ஒரு மணி நேரமானாலும் சரி, ஒரு வாரமானாலும் சரி, யாரும் யாரையும் அவசரப்படுத்த முடியாது. கால் குணமாகி அவள் வேலைக்குத் திரும்பியும் ஆட்டம் நிற்கவில்லை. அவள் சாப்பாட்டு வேளையில் நகர்த்துவாள், அவன் வீடு திரும்பிய பிறகு நகர்த்துவான். "உன் முறை" என்று இரண்டே சொல்லில் ஒரு செய்தி போகும். மறுநாள் அதே இரண்டு சொல் திரும்பி வரும். ஒன்பது வருடத்தில் ஆறு போர். அதில் ஒன்று பதினான்கு மாதம் நடந்தது. நிஜப் போரே இதைவிடச் சீக்கிரம் முடிந்திருக்கிறது என்று அக்கா எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

இப்போது இரண்டாம் பாகம் வந்திருந்தது. பத்து நாள் இலவசமாக ஆடிப் பார்க்கலாம், பிடித்தால் வாங்கலாம். தம்பி ஐந்து நாளாக அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான்.

"அதுல ஒவ்வொரு முறைக்கும் மூணு நிமிஷம்தான்னு நீதானேடா சொன்ன? மூணு நிமிஷத்துல நீ மூக்கைக்கூடச் சொறிய மாட்ட."

"அது சரிதான். ஆனா இதுல நாம எதிரெதிர் இல்லக்கா. ரெண்டு பேரும் ஒரே பக்கம். படையில பாதி உனக்கு, பாதி எனக்கு. ஒரே நேரத்துல பக்கத்துல பக்கத்துல உக்காந்து ஆடணும். வாரத்துல ஒரு நாள் நீ இங்க வந்துடு, இல்ல நான் அங்க வரேன்."

"எனக்கு எங்கடா நேரம்? பழசே நல்லாத்தானே இருக்கு. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைங்கிற மாதிரி..."

"இல்ல, என்னன்னா..."

"இங்க பெஞ்சு நிறைய ஆளு. பிறகு பாக்கலாம். வைடா."

"சரி, பாக்கலாம்" என்றான் அவன். ஒரே ஊரில் ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருந்தார்கள். நேரில் பார்த்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அது அவளுக்கு அந்த நேரத்தில் நினைவில்லை.

மதியம் ஒன்றே முக்கால் இருக்கும். ஒரு நோயாளியின் சீட்டில் கையெழுத்து வாங்க ஸ்கேன் அறைக்குப் போனாள். அங்கே இருந்த இளைஞன் முதுகைக் காட்டிக்கொண்டு திரைமுன் உட்கார்ந்திருந்தான். திரையில் ஒரு தலை, வரிவரியாக வெட்டிய துண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தது. இருபத்து நான்கு வருடமாக இதையே பார்க்கிற கண். கறுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் வெள்ளை. பால் கொட்டிப் பரவியதுபோல, எல்லா மடிப்பிலும் ரத்தம்.

"அடப் பாவமே" என்றாள். "இதுல ஒண்ணும் மிச்சமில்லையே. என்ன வயசு?"

அவன் திரும்பவில்லை.

"உன்னைத்தான். வயசு என்ன?"

"நாப்பத்திரெண்டு" என்றான். பிறகு, "மேடம், கொஞ்சம் வெளிய இருங்களேன். நானே வந்து கூப்பிடறேன்."

அவன் குரல் சரியில்லை. போன வருடம் தம்பி வந்து இந்தப் பிரிவின் பிரிட்ஜைச் சரி செய்து தந்தபோது, டார்ச் பிடித்துக்கொண்டு கூடவே நின்றவன் இவன்தான். அக்கா திரையின் மூலையைப் பார்த்தாள். அங்கே இருந்த பெயரைப் படித்தாள். இந்தப் பெயரில் ஊரில் நூறு பேர் இருப்பார்கள் என்று நினைத்தாள். அடுத்த வரியில் இருந்த பிறந்த தேதியைப் படித்தாள். அன்றைக்கு அவளுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருந்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இயந்திரத்தின் வளையத்திலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு சாக்ஸ் கறுப்பு, ஒரு சாக்ஸ் சாம்பல். எதை எடுத்தாலும் அரை மணி யோசிக்கிறவன், சாக்ஸை மட்டும் கைக்கு வந்ததைப் போட்டுக்கொள்வான்.

அவள் கையிலிருந்த சீட்டை மேசைமேல் வைத்தாள். அதன் ஓரத்தை மேசை ஓரத்தோடு சேர்த்து நேராக்கினாள். தன் அறைக்குத் திரும்பி வந்து, "அடுத்தது யாரு?" என்றாள். மணிக்கட்டில் அடிபட்ட ஒரு பெண் வந்தாள். அந்தக் கையைப் பலகைமேல் வைத்து, விரல்களைப் பிரித்து, "வலிச்சா சொல்லுங்க" என்று சொல்லி, நேராக ஒன்று பக்கவாட்டில் ஒன்று, இரண்டு படமும் எடுத்தாள். இரண்டும் குறையில்லாமல் வந்திருந்தன. அந்தப் பெண் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். பிறகுதான் அக்கா, தொங்கிக்கொண்டிருந்த கதிர் தடுக்கும் ஈய அங்கியைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே நடைபாதையில் ஒரு வயதான அம்மாள் மடியில் தம்பியின் கருவிப் பையை வைத்துக்கொண்டு, அதன் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தார். பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற டீச்சராம். அவர் வீட்டு வாஷிங் மெஷினைப் பார்க்கத்தான் தம்பி போயிருக்கிறான். ஆம்புலன்சில் கூடவே வந்திருக்கிறார்.

"நீங்க அக்காவா?" என்றார் டீச்சர். "முகம் அப்படியே இருக்கு."

அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"யோசிக்கிறாருன்னு நினைச்சேம்மா" என்றார். அதையே மறுபடியும் சொன்னார். "யோசிக்கிறாருன்னுதான் நினைச்சேன். மெஷின் பின்பக்கத்தைக் கழட்டிட்டு, தரையில உக்காந்து, தலையை அது மேல சாய்ச்சுட்டு இருந்தாரு. கண்ணு திறந்துதான் இருந்துது. போன தடவையும் அப்படித்தான் இருந்தாரு, இருபது நிமிஷம். அப்புறம் எழுந்து என்னமோ பண்ணாரு, ஓடிடுச்சு. அதனால தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு நான் ரேடியோவைக்கூட நிறுத்திட்டேன். அடிமேல அடி வச்சு நடந்தேன்."

"எவ்வளவு நேரம் டீச்சர்?"

டீச்சர் பைக் கைப்பிடியைப் பார்த்தார். "முக்கால் மணி இருக்கும்."

அக்காவுக்கு, இந்தக் கிழவியை உலுக்கி, முக்கால் மணி ஒரு மனுஷன் அசையாம உக்காந்திருந்தா தொட்டுப் பாக்க மாட்டீங்களா என்று கத்தலாம்போல இருந்தது. ஆனால் தானே அங்கே இருந்திருந்தாலும் ரேடியோவைத்தான் நிறுத்தியிருப்போம் என்பது அவளுக்குத் தெரியும். ஒன்பது வருடமாக அதைத்தானே செய்துகொண்டிருந்தாள்.

"அவன் அப்படித்தான் டீச்சர்" என்றாள்.

தம்பி மனைவி டிரைவர் சீருடையோடு ஓடி வந்தாள். பாதி வழியில் பஸ்ஸை நிறுத்தி, இன்னொரு டிரைவர் கையில் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தாள். டாக்டரைத் தேடவில்லை. நேரே அக்காவின் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணி, படம் எடுத்தாங்களா?"

"எடுத்தாங்க."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

அவள் அக்காவின் முகத்தையே பார்த்தாள். எத்தனையோ பேருக்கு "டாக்டர் சொல்லுவாரு, நான் சொல்லக் கூடாது" என்று பழகிய முகம். அன்றைக்கு அது அக்காவின் பேச்சைக் கேட்கவில்லை. தம்பி மனைவி தொப்பியைக் கழற்றி அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாலு மணி பத்து நிமிடத்துக்கு டாக்டர் வெளியே வந்தார். மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்து உயிர் போய்விட்டது, அது எப்போது வெடிக்கும் என்று யாருக்கும் தெரிந்திருக்காது, உடனே கொண்டுவந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். டீச்சர் அதைச் சரியாகக் காதில் வாங்கினாரா என்று அக்கா திரும்பிப் பார்த்தாள். அவர் வாங்கியிருந்தார். முகத்தைப் பைமேல் கவிழ்த்து அப்போதுதான் அழுதார்.

காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்களும் போய், ஐந்தாம் நாள் காலையில் அக்கா தம்பியின் வீட்டில் இருந்தாள். நடந்தது எதுவும் இன்னும் உள்ளே இறங்கவில்லை. காலையில் பல் தேய்க்கும்போது போனை எடுத்து, "உன் முறை" என்று வந்திருக்கிறதா என்று பார்த்திருந்தாள்.

"அண்ணி, இங்க வாங்களேன்" என்று தம்பி மனைவி உள்ளே இருந்து கூப்பிட்டாள். "மாலை போட அவரு போட்டோ எடுக்கலாம்னு திறந்தேன். திறந்ததும் இதுவே வந்து நிக்குது. மூட மாட்டேங்குது."

கணினித் திரையில் ஒரு பனிமலை. நடுவில் ஒரு சின்னக் கட்டம். இலவச நாட்கள் இன்றோடு முடிகின்றன என்றது அது. கீழே இரண்டு பொத்தான்: 'வாங்கு', 'பிறகு பார்க்கலாம்'.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். கட்டத்துக்குப் பின்னால் நீளமாக ஒரு பட்டியல் இருந்தது. பழகுவதற்காகத் தனியாள் கணினியோடு மோதிப் பார்க்கிற சின்னப் போர். ஒன்பது வீரர்களை மூன்று நிமிடத்துக்குள் நகர்த்த வேண்டும். அதை அவன் முப்பத்தொரு முறை ஆடியிருந்தான். முப்பத்தொன்றும் தோல்வி. ஒவ்வொரு வரியிலும் அதே காரணம்: நேரம் முடிந்தது.

"என்ன அண்ணி அது?"

அக்கா விரலால் வரிகளைத் தொட்டுக்கொண்டே இறங்கினாள். முதல் நாள், ஒன்பதில் இரண்டு வீரரை நகர்த்தியிருக்கிறான். மறுநாள் மூன்று. பிறகு மறுபடி இரண்டு. பிறகு ஐந்து. கடைசி வரி, அவன் போன் செய்த அன்று காலை ஐந்தே காலுக்கு: ஒன்பதில் எட்டு.

"பழகியிருக்கான்" என்றாள் அக்கா. விரல் அந்த எட்டின் மேலேயே இருந்தது. மறுபடி சொன்னாள். "மூணு நிமிஷத்துக்குள்ள வேகமா ஆடப் பழகியிருக்கான்."

தம்பி மனைவி குனிந்து நேரங்களைப் பார்த்தாள். எல்லாமே விடியற்காலை.

"முதல் பஸ்ஸுக்கு நாலரைக்குக் கிளம்புவேன். கூடவே எழுந்திருச்சு டீ போட்டுக் கொடுத்து, தெரு முனை வரைக்கும் வருவாரு, அந்தக் கடைசி அஞ்சு நாளா. எனக்காக எழுந்திருக்கிறாருன்னு நினைச்சுட்டு இருந்தேன்."

"டீ போட்டான்ல?"

"போட்டாரு."

"அப்ப உனக்காகவும்தான்."

பக்கத்து வீட்டில் யாரோ சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா சுட்டியை நகர்த்தினாள். அம்புக்குறி 'பிறகு பார்க்கலாம்' மேல் போய் நின்றது. விரல் அழுத்தவில்லை.

"அதை வாங்கினா என்ன ஆகும்?" என்று கேட்டாள் தம்பி மனைவி. இந்த விளையாட்டு அவளுக்கு என்றைக்குமே ஆகாது. அக்காவும் தம்பியும் படை, பாலம் என்று போனில் பேசினால் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பவள்.

"ஒண்ணும் ஆகாதும்மா. இது ஒருத்தர் ஆடறதில்ல. ரெண்டு பேர் வேணும். ஒரே நேரத்துல, பக்கத்துல உக்காந்து."

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. வெகுநேரம் ஓடிவிட்டு நின்றது. திரும்பி வந்தபோது முகம் ஈரமாக இருந்தது. கையில் சாப்பாட்டு மேசை நாற்காலி. அதைத் தரையில் கிறீச்சென்று இழுத்துவந்து அக்காவின் நாற்காலியோடு ஒட்டிப் போட்டாள்.

"மூணு நிமிஷம்னு சொன்னீங்கல்ல? மூணு நிமிஷத்துல நான் ரெண்டு ஸ்டாப் தாண்டிடுவேன்" என்றாள். "அழுத்துங்க."

"உனக்கு இது பிடிக்காதேம்மா."

"பிடிக்காதுதான். அழுத்துங்க அண்ணி."

அக்கா அம்புக்குறியை 'வாங்கு' மேல் கொண்டுபோய் அழுத்தினாள். கட்டம் மறைந்தது. மலைமேல் பனி விழ ஆரம்பித்தது. மரங்களுக்கு நடுவே சின்னச் சின்ன மனிதர்கள் ஒவ்வொருவராக வந்து அவரவர் இடத்தில் நின்றார்கள்.

தம்பி மனைவி கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனாள்.

"இதுல எது நம்ம ஆளு?"

அக்கா விரலை நீட்டிக் காட்டினாள். ஆற்றின் இந்தக் கரையில், நீலக் கோட்டு போட்ட ஒருவன் குளிருக்குக் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.