நாற்பது கையெழுத்துகள்

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலுக்கு ரத்தப் பரிசோதனைத் தாள் காலை ஏழு மணிக்கு வரும். மூன்று நாளாக அந்தத் தாளே கதியென்று கிடந்தார் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் சூப்பர்வைசர். உள்ளே குழாய்களுக்கு நடுவில் கிடப்பவன் அவர் கூடப்பிறந்த தம்பி. அதே தொழிற்சாலையில் அட்டை வெட்டிக்கொண்டிருந்தவன், இதயம் நின்று அப்படியே சரிந்துவிட்டான்.

உடம்பின் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற வரியைத் தேடினார். முதல் நாள் நாற்பது. நேற்று நூற்றெழுபது. இன்று இருநூற்றுப் பத்து.

"குறைஞ்சிருக்கா மாமா?" தம்பி மனைவி எட்டிப் பார்த்தாள்.

"முன்னபின்ன இருக்கும்மா," என்று மழுப்பினார். தொழிற்சாலையில் அவர் கனைத்தாலே ஆட்கள் வாலைச் சுருட்டிக்கொள்வார்கள். இங்கே ஒரு தாளுக்கு முன்னால் அவரே சுருண்டு நின்றார், பாவம்.

டாக்டர் வந்ததும் எழுந்து நின்றார். "எந்த ஊசி போட்டாலும் சரி, இந்த நம்பரைக் குறைச்சுடுங்க."

"நம்பர் வியாதி இல்லீங்க. ரத்தம் போகாமக் கிடந்த உறுப்புக்கெல்லாம் திரும்ப ரத்தம் வந்ததும் உடம்பே புண்ணு மாதிரி கொதிக்குது. அதைத்தான் இது காட்டுது. இவ்வளவு ஏறினா பிழைக்கிறது கஷ்டம். விழுந்ததும் ரத்த ஓட்டம் நிக்காம இருக்க யாராவது நெஞ்சை அமுக்கினாங்களா?"

"இல்ல. ஆம்புலன்ஸ் வர பதினோரு நிமிஷமாச்சு. அதுவரைக்கும் யாரும் தொடல."

"உங்க இடத்துல அதுக்குப் பயிற்சி கொடுக்கலையா?"

கொடுக்க வந்தார்கள், போன மாதம். நெஞ்சை அமுக்கிப் பழகும் பொம்மையோடு வந்த நர்ஸிடம், "லோடு ஏத்தணும், நேரமில்லம்மா" என்று சொல்லி, நாற்பது பேரிடமும் வருகைத்தாளில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு வேலைக்கு விரட்டியவர் இந்த மகராசன்தான். "ஒருதடவை அமுக்கிப் பாக்கட்டுமாண்ணே?" என்று தம்பி கேட்டான். "அமுக்குறதுக்கு அங்க அட்டை கிடக்கு, போடா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவன் விழுந்த அன்று அத்தனை பேரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். "யாரும் தொடாதீங்க, காத்து வரட்டும்" என்று கத்தியதுதான் அண்ணன் செய்த ஒரே காரியம்.

டாக்டர் போனதும் அண்ணன் தம்பி மனைவியிடம் அந்தக் கையெழுத்து விஷயம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மதியம் தம்பியின் உயிர் பிரிந்தது.

"நான்தாம்மா அவனைக் கொன்னுட்டேன்," என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "நீங்க அழுது அவர் வரப்போறதில்ல மாமா. பொய்க் கையெழுத்து யாரையும் காப்பாத்தாது. மீதி முப்பத்தொன்பது பேர் வீட்லயும் ஆளுங்க காத்துக்கிட்டு இருப்பாங்க. வேலையை நிறுத்திட்டு மொதல்ல அவங்களுக்குக் கத்துக்கொடுங்க."