சாவி கையில் இருக்கும்வரை

மழை விட்ட பிறகும் இறப்பர் மரங்கள் தமக்குள் சொட்டிக்கொண்டிருந்தன. ஹில்மி முதலாளியின் புது வீட்டுத் தரையில் படுத்திருந்த துஷ்யந்திக்கு, மூடுபனி ஒவ்வோர் அறையாக எட்டிப் பார்த்துவிட்டுப் போவதுபோல் இருந்தது.

வீட்டைக் கட்டியது அவள் கணவன் சுரேந்திரன். ஒப்பந்தம் அவள் பெயரில். கையெழுத்து விஷயங்களென்றால் அவனுக்குப் பயம். கடைசித் தவணைப் பணம் இன்னும் வரவில்லை. "காசு வர்ற வரைக்கும் வீட்டை விட்டுடாதீங்க. கட்டினவங்களுக்குச் சட்டத்துல அந்த உரிமை இருக்கு. சாவியக் குடுத்துட்டு வெளிய வந்தா அது போயிரும்" என்று இரத்தினபுரிச் சட்டத்தரணி சொல்லியிருந்தார். சுரேந்திரன் குருவிட்டவில் அடுத்த வேலைக்குப் போய்விட்டான். வீட்டைப் பிடித்து வைத்திருப்பது அவள் வேலையாயிற்று.

அதை வேலை என்று சொல்ல அவளுக்குக் கூச்சம். அவர்கள் குடியிருக்கும் தோட்ட லயத்தின் ஒற்றையறை வரிசையில், பக்கத்துக் காம்பராவின் இருமல்கூடத் தன் நெஞ்சுக்குள் கேட்கும். இங்கே அவளுடைய மூச்சு அடுத்த அறைவரை போய், அவசரமில்லாமல் திரும்பி வந்தது. சமையலறை ஜன்னலருகே, இல்லாத அடுப்பில், இல்லாத தேநீர் கொதித்தது. அதை ஊற்றிக்கொண்டிருந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள்.

ஹில்மியின் மனைவி சஜீதா நின்றிருந்தாள்.

"எங்கட ஊட்டுக்கு நானே தட்டிட்டு வார. உள்ளுக்கு வரட்டா, வீட்டுக்காரி?"

"வாங்கக்கா. செருப்பக் கழட்டிட்டு வாங்க, இப்பதான் கூட்டினேன்."

சஜீதா சிரித்துக்கொண்டே பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். வங்கி கேட்ட தாள். 'முழுப் பணமும் கிடைத்துவிட்டது. இனி இவ்வீட்டின் மீது எனக்கு எந்த உரிமையும் இல்லை.'

"கெடைக்கலியேக்கா."

"நீங்க சைன் வச்சாத்தான் பேங்க் மிச்ச லோனத் தரும். அது வந்தாத்தான் இவரு ஒங்களுக்குத் தருவாரு."

"காசு வந்தாத்தான் நான் வைப்பேன்."

"அப்ப ரெண்டு பேரும் இங்கயே கிழவியாகிடுவம்."

அது துஷ்யந்திக்கு இனிப்பாக இருந்தது. அந்த இனிப்புதான் அவளைத் திடுக்கிட வைத்தது. தினமும் காலையில் போனைப் பார்த்து, பணம் வரவில்லை என்றதும் உள்ளே ஏதோ ஒன்று நிம்மதியாகப் புரண்டு படுத்ததை இப்போதுதான் கண்டுகொண்டாள். கல் சுமந்த வேலுசாமிக்கு இன்னும் சம்பளம் கொடுக்கவில்லை.

சட்டத்தரணிக்குப் போன் போட்டு, தாளை வாசித்துக் காட்டினாள்.

"'கிடைத்துவிட்டது'ங்கிறத வெட்டிட்டு, 'பணம் என் கணக்கில் வந்து சேர்ந்தால், அதன்பின்'னு எழுதுங்க. பேங்க்ல நான் பேசுறேன். சாவி ஒங்ககிட்டயே இருக்கட்டும்."

பேனா தாளின் மேல் நின்றது. கிடைத்துவிட்டது என்பது பொய். வந்து சேர்ந்தால் என்பது உண்மை. அந்த உண்மைக்குள் இந்த அறைகள் எல்லாவற்றுக்கும் ஒரு கடைசி நாள் இருந்தது. எழுதினாள். கையெழுத்தும் வைத்தாள்.

"அப்ப சாவி?" என்றாள் சஜீதா.

"அது அந்த 'வந்து சேர்ந்தால்'ல தொங்குதுக்கா."

மறுவாரம் ஒரு பகல் வேளை போன் மினுங்கியது. பணம் வந்திருந்தது. முதலில் வேலுசாமிக்குப் போன் போட்டாள், பிறகு சுரேந்திரனுக்கு. பாயைச் சுருட்டினாள். தரையை ஒருமுறை கூட்டினாள். சஜீதாவின் ஆட்டோ மேட்டில் ஏறி வரும் சத்தம் கேட்டது.

சாவியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவள், திரும்பிச் சமையலறைக்கு வந்தாள். ஜன்னலருகே குனிந்து, இல்லாத அடுப்பை அணைத்துவிட்டுப் போனாள்.