ஞாயிற்றுக்கிழமை எண்ணிக்கை

சாந்தோம் சாலையில், மீனவர் குப்பத்துச் சந்தின் வாயில் முளையடித்துக் கயிறு கட்டியிருந்ததைப் பார்த்ததும் காஸ்பர் வாத்தியார் அப்படியே நின்றுவிட்டார். சாலையை அகலமாக்கி, கடல் பக்கம் நெடுகச் சுவர் எழுப்பப் போகிறார்களாம். சந்து அடைபட்டுவிடும். மயிலாப்பூர் மார்க்கெட்டுக்கு மீன் சுமக்கிற பெண்கள் இனி ஒரு மைல் சுற்ற வேண்டும்.

"இந்த வழியா தெனம் எத்தினி பேர் போறாங்க, தெரியுமாய்யா?" என்று அங்கே நின்ற மேஸ்திரி மேல் பாய்ந்தார்.

"ஒர்த்தரும் போறதில்லன்னு சர்வேல கீதாம் சார்."

வாத்தியாருக்குச் சுருக்கென்றது. சர்வேயில் அந்த இடத்தை எண்ணியவரே அவர்தான்!

யுத்தம் முடிந்த கையோடு, நெடுஞ்சாலை ஆராய்ச்சி என்று ஆழ்வார்பேட்டையில் ஓர் ஆபீஸ் திறந்திருந்தார்கள். புது முறையாம்! சாலையில் போகிறவர்களை ஒரே ஒரு நாள் எண்ணினால் போதுமாம், வருஷம் முழுவதும் புரிந்துவிடுமாம். எண்ணுவதற்கு வாத்தியார்கள். வாத்தியார்களுக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை. எண்ணியவர் கையெழுத்து இல்லாத தாள் செல்லாது என்று பத்துத் தடவை சொல்லி அனுப்பினார்கள். காஸ்பரும் மாதா கோயிலில் முதல் பூசை கண்டுவிட்டு வந்து, பொழுது சாயும்வரை கால்கடுக்க நின்று, 'கூடைச் சுமை: இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை நாள் என்று அந்தக் குப்பத்தில் ஒரு கட்டுமரமும் கடலில் இறங்காது. அவர் பிறந்ததிலிருந்தே அப்படித்தான். ஊருக்கே தெரிந்ததை ஆபீஸுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

மேஸ்திரி சொன்னதைக் கேட்டபடியே மீன்கூடையோடு வந்த மதலேனம்மா கயிற்றைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "இன்னா வாத்தியாரே, தெனம் என் மூஞ்சியப் பாத்துக்கினுதான ஸ்கூலுக்குப் போற? நானு உன் கண்ணுக்கு ஆளாத் தெரில?"

அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு விடியலிலிருந்தே எண்ணினார். பத்து மணிக்குள் இருநூற்றுப் பதினான்கு கூடைகள். தாளைத் தூக்கிக்கொண்டு ஆபீஸுக்கு ஓடினார்.

என்ஜினீயர் சிதம்பரநாதன் அதைத் தொடக்கூட இல்லை. "இது செவ்வாய்க்கிழமை எண்ணினது. பட்டணம் பூரா ஞாயித்துக்கிழமை எண்ணியிருக்கோம். ரெண்டையும் கலந்தா ஆராய்ச்சியே கெட்டுடும்."

"ஞாயித்துக்கிழமை அவங்க கடலுக்கே போறதில்ல சார்!"

"அதை அன்னிக்கே எழுதியிருக்கணும்." பழைய தாளை எடுத்து அவர் முன்னால் போட்டார். "இது உங்க கையெழுத்துதானே?"

என்ன திமிர்! ஆனால் கையெழுத்து அவருடையதுதான். அந்த ஆளின் மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. காஸ்பர் பேனாவைத் திறந்து, அந்தத் தாளில் இருந்த தன் கையெழுத்தை மூன்று தரம் அழுத்தி அடித்தார். நிப்பு தாளைக் கிழித்தது.

"ஐயோ, என்ன பண்றீங்க! கையெழுத்து இல்லாம இது செல்லாதே! அந்த ரோட்டையே மறுபடி எண்ணணுமே!"

"எண்ணுங்க," என்றார் காஸ்பர். "திங்கட்கிழமை வாங்க. நானும் கூட நிக்கிறேன்."