பின் சீட்டுக்காரி

காரில் எதை மாற்றினாலும், ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர் உடம்பிலும் அது மாறும். எங்கள் காரின் ஆர்.சி. என் பெயரில் இருந்தது. எங்கள் பக்கம் வண்டி வாகனத்தை வீட்டுக்காரி பெயரில் எழுதுவதுதான் வழக்கம். ராசி என்பார்கள். அதனால் கோயமுத்தூரில் எந்தக் கார் பட்டறைக்குப் போனாலும் சுவரோரமாக நாலைந்து பெண்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். யாராவது ஒருத்திக்குத் தோளில், பெயின்டுக்கு முன்னால் பூசுகிற பட்டி காய்ந்துகொண்டிருக்கும்.

என் பெயர் துளசிமணி. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். என் வீட்டுக்காரர் குழந்தைவேலு, பம்புசெட்டு உதிரிபாகம் கடைகிற லேத் வைத்திருக்கிறார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஐம்பத்திரண்டாவது வயதில் அவருக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஆசை வந்தது. புதிது அல்ல, முப்பது வருசப் பழையது. இரண்டே கதவு. பொத்தானை அழுத்தினால் மூடியைத் திறந்துகொண்டு மேலே எழும்பும் விளக்குகள். ஒரு காலத்தில் சிவப்பாக இருந்து, வெயிலில் வெளுத்து, செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது.

அது குன்னூரில் ஒரு அம்மாள் பெயரில் இருந்தது. பெயர் மாற்றம் ஆன அன்று காலை, ஆறு மாதமாகப் படுக்கையில் கிடந்த அந்த அம்மாள் எழுந்து தானே காபி போட்டுக் குடித்தாராம். அதே காலை என் இரண்டு முட்டியிலும் இரண்டு லட்சத்துப் பதினோராயிரம் கிலோமீட்டர் வந்து இறங்கியது. காரின் இடது விளக்கு கொஞ்சம் தாமதமாகத்தான் எழும்பும். எனக்கும் அன்று முதல் இடது கண் வலது கண்ணுக்குப் பிறகே திறந்தது. அதெல்லாம் பழகிவிட்டது.

பின் சீட்டைப் பற்றித்தான் சொல்லவேண்டும். பேருக்குத்தான் அது சீட்டு. முன் சீட்டுக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண் இடம். பெரியவர்கள் யாரும் உட்கார முடியாது. பெயர் மாறிய வாரமே, எனக்குள்ளும் முதுகுப் பக்கமாக ஒரு சிறுமி உட்கார்ந்திருப்பது தெரிந்தது. கால் நீட்ட இடமில்லாமல் முட்டியை மடக்கியிருந்தாள். கோபம் வந்தால் என் முதுகில் உதைப்பாள். பதினோரு பன்னிரண்டு வயதிருக்கும். பேர் கேட்டால் சொல்லமாட்டாள்.

"பதிமூணாம் வாய்ப்பாடு சொல்லுங்க," என்றாள் முதல் நாளே.

"எனக்குப் பன்னெண்டு வரைக்குந்தான் தெரியும் கண்ணு."

"அப்பப் பன்னெண்டே சொல்லுங்க."

ரசம் நுரை கட்டும்வரை சொன்னேன். வீட்டுக்காரரிடம் இவளைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் எடை எவ்வளவு என்று கேட்பார்.

சக்கரம் தேர்ந்தெடுக்க ஒண்டிப்புதூர் தாண்டி கிளமென்ட் பட்டறைக்குப் போனோம். கிளமென்டுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பேச்சு குறைவு, கை சுத்தம். செருப்புக் கடையில் போல, சுவர் முழுக்க ஆணியடித்து அலாய் சக்கரங்களை மாட்டியிருந்தார். எனக்கு நாற்காலி போட்டுக் காலைத் துடைக்கத் துணியும் கொடுத்தார்.

"பதினேழு இஞ்சு போட்டா எடுப்பா இருக்குமுங்ண்ணா," என்றார் என் வீட்டுக்காரரிடம்.

"திரும்பும்போது மட்கார்டுல உரசாதுங்களா?" என்று நான் கேட்டேன்.

"லேசா உரசுமுங்க்கா. மட்கார்டு ஓரத்த உள்ள மடிச்சு விட்டுக்கலாம்."

"எனக்கு எங்க மடிப்பீங்க?"

"கரண்டைக்காலுக்கு மேலீங்க."

எனக்குக் கவலை வந்துவிட்டது. கோயிலுக்குள் வெறுங்காலோடு போகவேண்டும், படி ஏறவேண்டும், மழைக்காலத்தில் எங்கள் வாசலில் பாசி பிடிக்கும். பதினைந்து இஞ்சு போதும் என்றேன். வீட்டுக்காரர் முகம் சுருங்கியது. டயராவது அகலமாக இருக்கட்டும் என்றார். சரி என்றேன்.

அடுத்தது ஸ்போக். அவர் கை ஏழு ஸ்போக் சக்கரத்தில் போய் நின்றது.

"எனக்கு அஞ்சு போதுமுங்க," என்றேன்.

"ஏழுதான் துளசி அழகு."

"அக்கா சொல்றதும் சரிதானுங்ண்ணா," என்றார் கிளமென்ட். "எட்டுப் போட்டவங்க ஒருத்தங்க, நகம் வெட்டவே ஞாயித்துக்கிழமை போயிருதுன்னு அழுகறாங்க."

பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் என் பக்கம் சாய்ந்தாள். "வலை போட்டது மட்டும் எடுத்துறாதீங்க. அழுக்கு உள்ள போய் உக்காந்துக்கும். நான் தினமும் பல்லு வெளக்கற பிரஷ்ல தேச்சுட்டு இருக்கறேன்," என்று உள்ளங்காலைத் தூக்கிக் காட்டினாள். உண்மைதான்.

ஐந்து ஸ்போக், பதினைந்து இஞ்சு, அகல டயர் என்று முடிவானது. சாயங்காலத்துக்குள் என் பாதம் இரண்டு விரற்கடை அகன்றது. மெட்டியைத் தட்டிப் பெரிதாக்கவேண்டி வந்தது.

என் வீட்டுக்காரர் சக்கரத்தோடு நின்றுவிடுவார் என்று நினைத்தேன். முன் பம்பருக்கு அடியில், நீட்டிய உதடு மாதிரி லிப் வைத்தார். அதன்பிறகு நான் டம்ளரில் வாய் வைத்துக் குடிக்க முடியவில்லை, அண்ணாந்துதான். டிக்கி மேல், இறக்கை மாதிரி ஸ்பாய்லர் வைத்தார். ஜாக்கெட் தைக்கிற சுகுணா என் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, "உங்க வீட்லயும் ஆரம்பிச்சாச்சா," என்று சொல்லி அளவெடுத்தாள். இரும்பு பானெட்டைக் கழற்றிவிட்டு, காற்றுப் போக இரண்டு கீற்று வைத்த ஃபைபர் பானெட் போட்டார். வெயிலில் நடந்து வந்தால் நெஞ்சுச் சூடு அந்தக் கீற்று வழியாகப் போய்விடும். அதை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன்.

பிறகு ஸ்பிரிங்கை மாற்றிக் காரைத் தாழ்த்தினார். காருக்கு இரண்டு இஞ்சு என்றால் எனக்கு ஒரு சாண் வந்தது. இரண்டு தடவை தாழ்த்தினார். சேலையில் மடிப்பு அதிகமானது. மிளகாய்த்தூள் டப்பாவை எடுக்க முக்காலி போட்டுக்கொண்டேன். தரையில் இருக்கிற எறும்புகளின் முகமெல்லாம் தெரிய ஆரம்பித்தது.

"எடம் கொறஞ்சுக்கிட்டே வருது," என்றாள் உள்ளே இருக்கிறவள்.

"எனக்குந்தான்," என்றேன்.

அதற்கப்புறம் அவருக்கு எடைப் பைத்தியம் பிடித்தது. ஏ.சி.யை எடுத்தார். கார்ப்பெட்டைக் கிழித்தார். ஸ்டெப்னியை எடுத்த அன்று எனக்குள் ஏதோ ஒன்று இல்லாமல் போனது. என்னவென்று இன்னும் தெரியவில்லை. வீட்டில் எல்லா அறையிலும் தேடினேன்.

ஒரு திங்கட்கிழமை, பட்டறையில் காரின் உள்ளே தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர், "அடுத்து பின் சீட்டு," என்றார். "பதினாறு கிலோ மிச்சம்."

"அது இருக்கட்டுமுங்க."

"யாரும் உக்கார்றதில்ல துளசி."

"இருக்கட்டுமுங்க."

"எதுக்கு?"

முதுகில் ஒரு உதை விழுந்தது. கிளமென்ட் ஸ்பேனரைத் துடைத்தபடி, "பின்னாடி கொஞ்சம் வெயிட் இருந்தா வளைவுல நல்லதுங்ண்ணா," என்று சொல்லிப் பார்த்தார். போன மாதம் அந்தச் சீட்டு மெத்தையைத் தூக்கியபோது ஒரு ஹேர்பின்னும் பாதி ரப்பரும் கிடைத்தன. அவற்றை யாருக்கும் காட்டாமல் என் கையில் வைத்து மூடியவர் அவர்தான்.

"வியாழக்கிழமை எடுத்துரு," என்றார் என் வீட்டுக்காரர்.

கழற்றிய சாமான்களைப் பட்டறைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் சாய்த்து வைப்பார்கள். யார் யாருடையதோ கதவுகள், கண்ணாடிகள், பம்பர்கள். கேட்க வருகிறவர்கள் பார்த்து எடுத்துக்கொண்டு போவார்கள். நான் ஒருமுறை கழிப்பறை தேடி அந்தப் பக்கம் போயிருக்கிறேன். ஒரு கதவு பெருமூச்சு விட்டது. இன்னொன்று என்னிடம் மணி என்ன என்று கேட்டது. அங்கே ஒரு பிள்ளையைத் தனியாக விட்டுவர எனக்கு மனம் ஒப்பவில்லை.

பெயரை அவருக்கே மாற்றிவிடலாமா என்று யோசித்தேன். மாற்றினாலும் சீட்டைக் கழற்றத்தான் போகிறார். காரை விற்கச் சொல்லலாமா என்று யோசித்தேன். விற்றால் வாங்குகிறவர் எப்படியோ. செவ்வாய் முழுக்க யோசித்து இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன்.

புதன்கிழமை மத்தியானம் பாத்திரம் கழுவும்போது அவளே பேசினாள்.

"என்னையக் கழட்டிருவாங்களா?"

"சீட்டத்தான்."

"நான் சீட்டுலதானே இருக்கறேன்."

குழாயை மூடினேன். "ஓட்டற சீட்ட யாரும் கழட்டமாட்டாங்க கண்ணு. நீ முன்னாடி வந்துரு."

"முன்னாடி நீங்க இருக்கீங்களே."

"நான் பின்னாடி வந்துக்கறேன்."

"கால் நீட்ட முடியாது."

"எங்காலுதான் குட்டையாயிருச்சே."

கையைத் துடைத்துக்கொண்டே, அவள் தெரிந்துகொள்ளவேண்டியதையெல்லாம் சொன்னேன். பால் பொங்கும்போது அடுப்பை விட்டு நகரக்கூடாது. கேஸை ராத்திரி கீழே அடைக்கவேண்டும், மேலே மட்டும் அடைத்தால் போதாது. அவருக்குக் காலையில் ஒரு பிரஷர் மாத்திரை, சாப்பிட்டேன் என்று பொய் சொல்வார், அட்டையை எண்ணிப் பார்க்கவேண்டும். பக்கத்து வீட்டுக்காரி முறம் வாங்கினால் திருப்பித் தரமாட்டாள்.

"போதும்," என்றாள். "பதிமூணு சொல்லித் தரட்டா? அங்க பொழுது போகோணுமல்ல."

சொல்லித் தந்தாள். பதிமூன்று எட்டில் இரண்டு தடவை தடுக்கினேன். கடைசியில் நூற்றி முப்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

வியாழக்கிழமை நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். பின் சீட்டுக்கு நாலு போல்ட். கிளமென்ட் மெதுவாகக் கழற்றினார். மூன்றாவது போல்ட் சுற்றும்போது நாங்கள் இடம் மாறிக்கொண்டோம். நடுவில் இருந்த இடைவெளியில் அவள் முன்னே நகர, நான் பின்னே நகர்ந்தேன். அவள் முட்டி என் விலாவில் இடித்தது. சாரி என்றாள். நாலாவதும் கழன்றது. சீட்டை வெளியே தூக்கித் தராசில் வைத்தார்கள்.

"பதினாறு இல்லீங்ண்ணா. கூட வருது," என்றார் கிளமென்ட்.

"துரு இருக்கும்," என்றார் என் வீட்டுக்காரர்.

நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். என் சேலை அவளுக்குப் பெரிதாக இருந்தது, இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்திருந்தாள். ஒற்றைச் சடை. நான் நினைத்ததைவிடக் கறுப்பு, நல்ல களை.

"அப்பா, வீட்டுக்குப் போலாமா?" என்றாள்.

என் வீட்டுக்காரர் கையில் ஸ்பேனரோடு நின்றார். அந்த வார்த்தையை யாரும் அவரிடம் சொன்னதில்லை. ஸ்பேனரை ஒருமுறை துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"போலாஞ் சாமி," என்றார். "உம் பேரென்ன?"

அவள் சொன்னாள். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்ததால் எனக்குக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது. நல்ல பேர் என்று தலையாட்டினார். ஆர்.சி.யையும் அந்தப் பேருக்கே மாற்றிவிட்டார் என்று பிறகு கிளமென்ட் சொன்னார்.

என்னைக் கொட்டகையில் சுவர் பார்த்து வைக்காமல் வாசல் பார்த்துச் சாய்த்து வைத்தார்கள். அது கிளமென்ட் செய்த உபகாரம். அவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆயில் பார்க்க வருவார்கள். அவள் முன் சீட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பாள். அவளை ஏழாம் வகுப்பில் சேர்த்திருக்கிறார். கால் அகலம் என்பதால் ஸ்கூல் ஷூ கிடைக்க ஒப்பணக்கார வீதி முழுக்க அலைந்தார்களாம்.

எனக்கு அதுதான் கவலையாக இருந்தது. இனி அந்தக் காரில் எதை மாற்றினாலும் அவளுக்கல்லவா வரும். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் குரல் கேட்டது.

"கிளமென்ட், பழைய ஸ்பிரிங்கையே மாட்டிரு. முன்னாடி லிப்பையும் எடுத்துரு. வளர்ற புள்ள. வருசத்துக்கு அரை இஞ்சு ஏத்திக்கலாம்."

"ஸ்பாய்லருங்ண்ணா?"

"ஸ்பாய்லர் இருக்கட்டும்," என்றாள் அவள். "எனக்குப் புடிச்சிருக்குது."

ஏ.சி.யும் திரும்ப மாட்டினார்கள். ஸ்டெப்னியையும் போட்டார்கள். அவளுக்கு ஏதோ ஞாபகம் வந்ததுபோல என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு வந்து என் மெத்தையைத் தட்டி, "பதினாலு?" என்றாள். அவள் சொல்லச் சொல்ல நானும் சொன்னேன். ஒவ்வொரு வாரமும் ஒன்று.

பத்தொன்பதாம் வாய்ப்பாடு நடந்துகொண்டிருந்த வாரத்தில் திருப்பூரிலிருந்து ஒருவர் டேப்போடு வந்தார். அவரிடமும் இதே மாடல் கார், பின் சீட்டை எலி கடித்துவிட்டதாம். என்னை நீளம் அகலம் அளந்தார்.

"ஆர்.சி. வீட்ல அவங்க பேர்ல தானுங்களே?" என்று கேட்டார் கிளமென்ட்.

"ஆமாங்க. வெளிய நாற்காலில இருக்கறாங்க."

எட்டிப் பார்த்தேன். உயரமான பெண். கைப்பையைத் திறந்து எதையோ தேடுவதும், மூடுவதும், மறுபடி திறப்பதுமாக இருந்தாள். வீட்டைப் பூட்டினோமா என்று யோசிக்கிறவள்போல இருந்தது. கிளமென்ட் என்னைத் துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போனார்.

நாலு போல்ட்டும் இறுகின. அவளுக்குள், முதுகுப் பக்கமாக, கால் வைக்க ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடவே இடம் இருந்தது. அவள் எந்த வாய்ப்பாடு வரை படித்திருக்கிறாள் என்று கேட்டேன். எட்டு வரைக்கும் என்றாள், பைக்குள் தேடிக்கொண்டே.

நான் ஒன்பதிலிருந்து ஆரம்பித்தேன்.